ஜூலை 3: தோமாவுக்கு எதற்குத் திருவிழா?

கத்தோலிக்க நாள்காட்டியில் ஜூலை 3ஆம் தேதிக்கு எதிரே 'புனித தோமா, திருத்தூதர்' என்று போட்டிருக்கும். இந்தியாவில் அச்சடித்த நாள்காட்டி என்றால் பக்கத்திலேயே 'பெருவிழா' என்றும் இருக்கும். கோவிலுக்குப் புதிதாக வருகிறவர்களும், கல்யாணத்தின் வழியாகக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் வந்தவர்களும், பிறந்ததிலிருந்தே பூசைக்குப் போகிற சிலரும்கூட இந்தத் தேதியைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கடவுளைக் கும்பிடுகிறோம், சரி. ஒரு மனிதருக்கு எதற்குத் திருவிழா? அதுவும் சந்தேகப்பட்டவர் என்று பெயர் வாங்கியவருக்கு?

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சுலபம். இயேசு தம்மோடு வைத்துப் பயிற்சி கொடுத்து அனுப்பிய பன்னிருவரைத் திருத்தூதர்கள் என்கிறோம். சீர்திருத்த சபைகளில் அப்போஸ்தலர்கள் என்பார்கள். திருச்சபை இவர்கள் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று பவுல் எபேசியருக்கு எழுதுகிறார்: திருத்தூதர்களும் இறைவாக்கினர்களும் அடித்தளம், கிறிஸ்து மூலைக்கல். உரோமைப் பொது நாள்காட்டியின்படி தோமா விழாவின் முதல் வாசகமே இந்தப் பகுதிதான் (எபேசியர் 2:19-22). அடித்தளத்தை யாரும் கும்பிடுவதில்லை. ஆனால் வீடு எதன்மேல் நிற்கிறது என்று வருடத்தில் ஒருநாள் இறங்கிப் பார்ப்பது நல்லதுதானே.

நாள்காட்டியில் விழாக்களுக்குப் படிநிலை உண்டு: பெருவிழா, விழா, நினைவு. திருத்தூதர்களின் நாள்கள் பொதுவாக 'விழா' என்ற நடுப்படியில் வரும். பேதுரு, பவுல் இருவருக்கும் சேர்த்து ஜூன் 29 அன்று வருவது மட்டும் பெருவிழா. தோமாவுக்கும் உலகம் முழுக்க விழாதான். இந்தியாவில் அதைப் பெருவிழாவாக உயர்த்தியிருக்கிறார்கள். அன்று குருவானவர் சிவப்புத் திருவுடை போட்டுக்கொண்டு வருவார், இரத்தம் சிந்தி இறந்தவர்களுக்கான நிறம் அது. பன்னிருவரில் யோவானுக்கு மட்டும் டிசம்பர் 27 அன்று வெள்ளை உடை, அவர் முதுமையில் இயல்பாக இறந்தார் என்பது மரபு.

ஏன் ஜூலை 3 என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1969 வரைக்கும் உரோமை நாள்காட்டியில் தோமாவின் நாள் டிசம்பர் 21. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால், குடில் கட்டுகிற அவசரத்தில், அந்த விழா வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தவிர, டிசம்பர் 17இலிருந்து 24 வரையிலான நாள்கள் திருவருகைக் காலத்தின் உச்சம், அதில் வேறு விழா குறுக்கிட வேண்டாம் என்று நாள்காட்டியைத் திருத்தியபோது முடிவுசெய்தார்கள். சிரியத் திருச்சபைகள் வெகுகாலமாகவே ஜூலை 3இல் கொண்டாடி வந்தன. தோமாவின் எலும்புகள் இந்தியாவிலிருந்து எதேசா நகருக்கு, இன்றைய துருக்கியிலுள்ள உர்ஃபாவுக்கு, கொண்டுபோகப்பட்டதன் நினைவு அது. நான்காம் நூற்றாண்டில் அதே நகரில் வாழ்ந்த புனித எப்ரேம் தம் பாடல்களில் இதைப் பாடியிருக்கிறார். கேரளத்தின் சீரோ மலபார் சபையார் இன்றும் இந்த நாளைத் துக்ரானா (சிரிய மொழியில் 'நினைவு') என்று கொண்டாடுகிறார்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் அக்டோபர் 6. ஆங்கிலிக்கன், லூத்தரன் மரபுகளில் இன்னும் டிசம்பர் 21ஐப் பிடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

தேதியைப் பற்றி இவ்வளவு போதும். கேள்வியின் இரண்டாவது பாதிதான் முக்கியம்: சந்தேகப்பட்டவருக்கு எதற்கு விழா?

மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் தோமாவின் பெயரைப் பன்னிருவர் பட்டியலில் போட்டதோடு சரி. அவர் வாய் திறந்து பேசுவது யோவான் நற்செய்தியில் மட்டும்தான். இயேசுவின் பாடுகளுக்கு முன்னால் இரண்டு இடங்களில் பேசுகிறார். இரண்டையும் படிக்காமல் அவரைச் சந்தேகப் பேர்வழி என்று முத்திரை குத்துவது நியாயமில்லை.

முதல் இடம், பதினோராம் அதிகாரம். பெத்தானியாவில் லாசர் இறந்துவிட்டார், இயேசு அங்கே போகலாம் என்கிறார். சற்றுமுன்தான் யூதேயாவில் அவர்மேல் கல்லெறியப் பார்த்தார்கள், திரும்பவும் அங்கேயா என்று சீடர்கள் தயங்குகிறார்கள். அப்போது தோமா சொல்கிறார்: "நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்." நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு இந்தப் பேச்சில் துளிகூட இல்லை. போனால் சாவுதான் என்று அவருக்குத் தெரிகிறது, இருந்தும் போகலாம் என்கிறார். பக்தி என்றால் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த வசனத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, பதினான்காம் அதிகாரம், கடைசி இராவுணவு. நான் போகும் இடத்துக்கு வழி உங்களுக்குத் தெரியும் என்கிறார் இயேசு. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லாரும் புரிந்ததுபோல் உட்கார்ந்திருக்கிறார்கள். தோமா மட்டும் கேட்டுவிடுகிறார்: நீர் எங்கே போகிறீர் என்றே தெரியாது, அப்புறம் வழி எப்படித் தெரியும்? இதற்கு வந்த பதில்தான் "வழியும் உண்மையும் வாழ்வும் நானே." எத்தனையோ வீட்டு வாசற்படியின் மேல், ஆட்டோவின் பின்பக்கத்தில், கல்லறைக் கல்லில் எழுதியிருக்கிற வசனம். தோமா கௌரவம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால், அந்தக் கேள்விக்கான பதிலாக அது வந்திருக்காது.

இனி இருபதாம் அதிகாரம். விழா நாளின் நற்செய்தி இதுதான் (யோவான் 20:24-29). உயிர்த்த ஞாயிறு மாலை, சீடர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். இயேசு வந்து நிற்கிறார். தோமா அங்கே இல்லை. எங்கே போனார் என்று நற்செய்தி சொல்லவில்லை. சாகவும் தயார் என்று சொன்னவர் பூட்டிய அறைக்குள் முடங்கிக் கிடக்கப் பிடிக்காமல் வெளியே போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது உண்டு. அது என் ஊகம், வசனத்தில் இல்லை. திரும்பி வந்ததும் மற்றவர்கள் "ஆண்டவரைக் கண்டோம்" என்கிறார்கள். ஆணி அடித்த தழும்பைப் பார்த்து, அதில் விரல் விட்டு, விலாவில் கை வைத்தால்தான் நம்புவேன் என்கிறார் தோமா.

இதை அளவுக்கு மீறிய நிபந்தனை என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நான்கைந்து வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். மற்றப் பத்துப்பேரிடமும் வந்தபோது இயேசு முதலில் செய்தது என்ன? தம் கைகளையும் விலாவையும் காட்டினார், அதற்கப்புறம்தான் அவர்கள் மகிழ்ந்தார்கள் (20:20). அன்று காலை கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்கள் சொன்னதைத் திருத்தூதர்கள் வெறும் பிதற்றல் என்று தள்ளியதை லூக்கா எழுதிவைத்திருக்கிறார் (24:11). ஆக, மற்றவர்களுக்குக் கிடைத்ததைத்தான் தோமா தனக்கும் கேட்டார். தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் கூடுதல்.

அதைவிட முக்கியமான இன்னொன்று 26ஆம் வசனத்தில் ஒளிந்திருக்கிறது. எட்டு நாள் கழித்து, மறுபடியும் ஒரு ஞாயிறு. சீடர்கள் உள்ளே இருக்கிறார்கள், கதவு பூட்டித்தான் இருக்கிறது! ஆண்டவரைக் கண்டோம் என்று சொன்னவர்கள், "நானும் உங்களை அனுப்புகிறேன்" என்ற வார்த்தையைக் காதால் கேட்டவர்கள், ஒரு வாரம் ஆகியும் வெளியே வரவில்லை. தோமாவின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். சாவை வென்றவரைப் பார்த்தோம் என்கிறவர்கள் தாழ்ப்பாளைத் திறக்கப் பயப்பட்டால், அவர்கள் பேச்சை எப்படி நம்புவது? இன்று ஒரு பதினேழு வயதுப் பையன் கோவிலுக்கு வரமாட்டேன் என்று வீட்டில் அடம்பிடிக்கும்போது, பெரும்பாலும் அவன் கேட்பது இதைத்தான். நீங்கள் சொல்கிற உயிர்ப்பு உங்கள் வாழ்க்கையில் எங்கே தெரிகிறது, ஜெபமாலையைக் கீழே வைத்ததும் சொத்துத் தகராறு பேசுகிறீர்களே? அவனைச் சந்தேகத் தோமா என்று கேலி பண்ணி வாயை அடைப்பது சுலபம். அவன் எந்தப் பூட்டிய கதவைப் பார்த்துப் பேசுகிறான் என்று கேட்பது கஷ்டம்.

அதே சமயம், அந்தப் பத்துப்பேர் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லியாக வேண்டும். நம்பாதவனை வெளியே தள்ளவில்லை. தோமாவும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. நம்பியவர்களும் நம்பாதவரும் எட்டு நாள் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறார்கள். அந்த நாள்களில் என்ன பேசினார்கள், சாப்பாட்டு நேரத்தில் முகத்தைப் பார்த்துக்கொண்டார்களா என்றெல்லாம் நற்செய்தியில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் தோமாவின் விசுவாசம் அந்த எட்டு நாளில்தான் பிழைத்தது என்று நினைக்கிறேன். அவர் அந்த ஞாயிறன்று அங்கே இல்லாமல் போயிருந்தால் கதையே வேறு. விசுவாச வாழ்க்கை என்று நாம் பெரிதாகப் பேசுவதில் பாதி இவ்வளவுதான். ஒன்றும் தோன்றாத வாரத்திலும் போய் உட்கார வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று தெரிந்தாலும் அவருக்கு இடம் விட வேண்டும்.

இயேசு வந்ததும் தோமாவைத் திட்டவில்லை. அவர் கேட்ட வார்த்தைகளையே எடுத்து, இதோ என் கைகள், உன் விரலை இங்கே இடு என்கிறார். தோமா தொட்டாரா? ஓவியர் காரவாஜ்ஜோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த படத்தில் தோமாவின் சுட்டுவிரல் காயத்துக்குள்ளேயே போயிருக்கும், பார்க்கவே கூசும். நற்செய்தியில் அப்படி இல்லை, தொட்டதாக யோவான் எழுதவில்லை. அழைப்பைக் கேட்டதும் அவர் சொன்னது: "நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!!" யோவான் நற்செய்தியில் உயிர்த்த இயேசுவைப் பார்த்துக் கடவுள் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வது இங்கேதான். திருப்பலியில் குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது நம் பெரியவர்கள் பலர் உதட்டுக்குள் முணுமுணுப்பது இந்த வார்த்தைகளைத்தான். அடுத்த முறை காது கொடுத்துக் கேளுங்கள். தோமாவின் விழா வருடத்துக்கு ஒருநாள் என்றாலும் அவருடைய ஜெபம் ஒவ்வொரு பூசையிலும் இருக்கிறது.

"காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர்" என்று இயேசு அடுத்துச் சொன்னதைத் தோமாவுக்கு விழுந்த குட்டு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பின்னால் வரப்போகிற நம் எல்லாருக்கும் தந்த ஆசீர்வாதமாகத்தான் படுகிறது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரி இன்னும் ஒருபடி மேலே போனார். நம்பிய சீடர்களின் விசுவாசத்தைவிடத் தோமாவின் நம்பாமைதான் நம் விசுவாசத்துக்கு அதிகம் உதவியது என்று மறையுரையில் சொன்னார். ஜூலை 3 அன்று குருக்களும் துறவிகளும் ஜெபிக்கும் திருப்புகழ்மாலையில் இந்த மறையுரையையே வாசகமாக வைத்திருக்கிறார்கள்.

தோமா பார்க்கக் கேட்டது என்ன என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒளிவீசும் முகத்தையோ, மேகத்தில் ஒரு தரிசனத்தையோ அவர் கேட்கவில்லை, காயத்தைக் கேட்டார். காயம் இல்லாத கிறிஸ்துவைக் காட்டினால் அது வேறு யாரோ என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதனால்தான் இந்த விழாவைக் கொண்டாட ஊரில் காயப்பட்டுக் கிடக்கிற இடத்துக்குப் போவது பொருத்தமாக இருக்கும் என்று சொல்வேன். அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாமல் படுத்திருக்கிறவருக்கு ஒருவேளை கஞ்சி வாங்கிக் கொடுக்கலாம். பல வருடம் பேசாத அண்ணனுக்கு ஒரு போன் போடலாம். கொடியேற்றம், நவநாள், சப்பரம், சீரியல் விளக்கு எல்லாம் இருக்கட்டும். எனக்கும் சப்பரம் பிடிக்கும், முன்னால் போகிற பேண்டு வாத்தியம் இன்னும் பிடிக்கும்.

நற்செய்திக்குப் பிறகு தோமாவுக்கு என்ன ஆனது? தென்னிந்திய மரபு தெளிவாக இருக்கிறது: கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் வந்து இறங்கினார், கேரளக் கரையில் சபைகளை நிறுவினார், 72இல் மயிலாப்பூரில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார். வரலாற்று ஆசிரியர்கள் இதில் எவ்வளவு உறுதி என்று விவாதிக்கிறார்கள், அந்தக் காலத்து எழுத்து ஆதாரம் எதுவும் நம் கையில் இல்லை. ஆனால் மரபு பழையது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, கல்லறை இருக்கும் இடத்து மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப்போய் நோயாளிகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுப்பதாக எழுதியிருக்கிறார். சென்னையில் மூன்று இடங்கள் அவர் பெயரோடு ஒட்டியிருக்கின்றன: அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகை இருக்கிற சின்னமலை, உயிர்விட்டதாகச் சொல்லும் பரங்கிமலை, அடக்கம் செய்யப்பட்ட சாந்தோம். பரங்கிமலைக் கோவிலில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துப் பொறித்த பழைய கற்சிலுவை ஒன்று பீடத்தில் இருக்கிறது. சாந்தோமில் இப்போது நிற்கும் வெள்ளைக் கோவில் 1890களில் எழுந்தது. கோவிலுக்கு அடியிலுள்ள கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழி உண்டு, அங்கே யாரும் சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள். அவருடைய எலும்புகள் எதேசாவிலிருந்து கியோஸ் தீவுக்கும், 1258இல் அங்கிருந்து இத்தாலியின் ஓர்த்தோனாவுக்கும் போய்விட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியாப் பக்கம் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' என்ற நூலில் ஒரு கதை வருகிறது. விவிலியத்தில் சேராத நூல், அதனால் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குப் போகச் சொன்னதும் தோமா மறுக்கிறார். நான் எபிரேயன், அங்கே போய் எப்படிப் பேசுவேன் என்கிறார். கடைசியில் இயேசுவே அவரைக் கொண்டோபர்னஸ் என்ற அரசனின் வியாபாரிக்கு அடிமையாக விற்றுவிடுகிறார்! தோமாவுக்குக் கட்டடவேலை தெரியும் என்று அறிந்த அரசன் அரண்மனை கட்டச் சொல்லி எக்கச்சக்கமாகப் பணம் கொடுக்கிறான். தோமா தரையில் வரைபடம் போட்டு, கதவு எங்கே, ஜன்னல் எங்கே, தண்ணீர் எப்படி வரும் என்றெல்லாம் காட்டிவிட்டு, பணம் முழுவதையும் ஊர் ஊராகப் போய் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அரண்மனை வேலை எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்று கேட்டு அரசன் ஆள் அனுப்பினால், கூரை மட்டும் பாக்கி என்று பதில் போகிறது, கூரைக்கும் பணம் வருகிறது, அதுவும் ஏழைகளுக்கே போகிறது. உண்மை தெரிந்து அரசன் பிடித்து விசாரிக்கும்போது, கட்டியாகிவிட்டது, ஆனால் இப்போது உம்மால் பார்க்க முடியாது, இந்த வாழ்வை விட்டுப் போகும்போது பார்ப்பீர் என்கிறார். சிறைதான். அன்றிரவு அரசனின் தம்பி காத் இறந்துபோகிறான். மேலே தேவதூதர்கள் காட்டிய மாளிகைகளில் ஒன்றைப் பார்த்து, இதன் கீழ்அறையிலாவது இருக்கிறேன் என்று கெஞ்சுகிறான். அது உன் அண்ணனுக்குத் தோமா கட்டியது என்று தெரிந்ததும், அதை அண்ணனிடம் விலைக்கு வாங்க உயிரோடு திரும்பி வருகிறான். தோமாவைக் கொத்தனார்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் பாதுகாவலராக வைத்திருப்பதற்கு இந்தக் கதைதான் காரணம். அரசன் கற்பனை இல்லை, முதல் நூற்றாண்டில் வடமேற்கில் தட்சசீலப் பகுதியை ஆண்டவன், அவன் வெளியிட்ட நாணயங்கள் கிடைத்திருக்கின்றன.

பார்த்தால்தான் நம்புவேன் என்றவர், பார்க்க முடியாத வீட்டைக் கட்டினார் என்று அதே ஆளைப் பற்றி அடுத்த தலைமுறைகள் கதை சொல்லியிருக்கின்றன. எழுதியவர் இதை வேண்டுமென்றே செய்தாரா என்று தெரியாது, ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், ஜூலை 3 பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும், காலைப் பூசையோ மாலைப் பூசையோ எது கிடைக்கிறதோ அதற்குப் போங்கள். முந்தின இரவு யோவான் 11, 14, 20 ஆகிய அதிகாரங்களில் தோமா வரும் இடங்களை வீட்டில் சத்தமாக வாசிக்கலாம், பத்து நிமிடம்கூட ஆகாது. விடை தெரியாமல் உள்ளே கிடக்கிற ஒரு கேள்வியை அன்றைக்காவது ஜெபத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். இயேசு பதில் சொன்னது கேட்டவருக்குத்தான். பூசைக்குப் போக முடியாவிட்டாலும் தோமா உங்களுக்குத் தப்பமாட்டார். உயிர்ப்பு விழாவுக்கு அடுத்த ஞாயிறன்று ஒவ்வொரு வருடமும் இதே நற்செய்தியைத்தான் வாசிக்கிறார்கள்.

உங்கள் பங்கின் பாதுகாவலர் வேறொரு திருத்தூதர் என்றால் அவருடைய நாளையும் இதேபோல் அணுகலாம். நவம்பர் 30 அந்திரேயாவுக்கு. யோவான் நற்செய்தியில் அவர் எப்போதும் யாரையாவது கூட்டிக்கொண்டு வருகிறார், ஒருமுறை சொந்த அண்ணன் தம்பி உறவான பேதுருவை, ஒருமுறை ஐந்து அப்பம் வைத்திருந்த சிறுவனை. ஆகஸ்ட் 24 பர்த்தலமேயுவுக்கு. அன்று வாசிப்பது, நாசரேத்திலிருந்து நல்லது வருமா என்று நத்தனியேல் ஊரைக் கேலிசெய்யும் பகுதி, பர்த்தலமேயுவும் நத்தனியேலும் ஒருவரே என்பது மரபு. அக்டோபர் 28 சீமோனுக்கும் யூதா ததேயுவுக்கும். சீமோன் நற்செய்திகளில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யூதா ஒரே ஒரு கேள்வி கேட்கிறார், யோவான் 14:22இல், தோமா கேட்ட அதே இராவுணவில், பதினேழு வசனம் தள்ளி.